பதினாறு அங்குலம் எதற்கு? பெரிய லேத்துக்கு மாற நினைக்கும் குன்னூர்த் தம்பிக்கு

குன்னூர்ப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நான்கு வருடமாக பத்து அங்குலச் சின்ன மர லேத்தில் (ஏற்றக்கூடிய கட்டையின் ஆகப் பெரிய விட்டம்தான் இந்த அங்குலம்) பேனா, பம்பரம், குட்டிக் கிண்ணம் என்று கடைந்துகொண்டிருக்கிறாராம். அரை ஹெச்.பி. மோட்டார், ஐந்து படி புல்லி, ஆகக் குறைந்த வேகமே நிமிடத்துக்கு 750 சுற்று. வீட்டை ஒட்டிய தேயிலையில் போன காற்றுக்கு ஒரு சில்வர் ஓக் சாய்ந்துவிட்டது, துண்டு போட்டுக் கிடக்கிறது, அதில் பன்னிரண்டு பதினான்கு அங்குலக் கிண்ணம் எடுக்க வேண்டும். கையில் ஒன்றேகால் லட்சம், வீட்டில் சிங்கிள் ஃபேஸ். புதிதாகப் பதினாறு அங்குல லேத் ஒன்றைப் பார்த்திருக்கிறார், கோயம்புத்தூரில் பழைய வார்ப்பிரும்பு லேத் ஒன்றையும் சொல்லி வைத்திருக்கிறார். "எதை எடுக்கலாம் அண்ணா, பழைய சின்ன லேத்தை என்ன செய்யலாம்?" என்று முடித்திருக்கிறார்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் காரணம். பதினாறு அங்குலம் என்பதை மறந்துவிடுங்கள். எத்தனை கிலோ எடை, ஆகக் குறைந்த வேகம் எத்தனை சுற்று, இந்த இரண்டை மட்டும் கேளுங்கள். அந்தப் பழைய லேத் நான் கீழே சொல்லும் சோதனையில் தேறினால் அதையே எடுங்கள். தேறாவிட்டால் புதிதில் பன்னிரண்டு அங்குலத்தில் கனமாக ஒன்று, அதில் பதினான்குக்கு என்ன வழி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். பதினாறு என்று பெட்டி மேல் போட்டுவிட்டு, பெட்டுக்கு, அதாவது எல்லாம் உட்காரும் அடித்தண்டவாளத்துக்கு, இரண்டு இரும்புக் குழாயும் காலுக்கு மடித்த தகரமும் கொடுக்கிற லேத் மட்டும் வேண்டாம். நான் அதை வாங்கி இரண்டு வருடம் வைத்து அழுதவன்.

உங்கள் சில்வர் ஓக்கையே எடுத்துக்கொள்வோம். பதினான்கு அங்குல வட்டம், நான்கு அங்குலக் கனம், பச்சை மரம் என்றால் ஒன்பது பத்து கிலோ வரும். செயின் ரம்பத்தில் வெட்டிய எந்தக் கட்டையும் சரியான வட்டமாக இருக்காது, ஒரு பக்கம் பட்டையும் மறுபக்கம் வைரமுமாக இருக்கும், ஈரமும் சமமாக நிற்காது. கட்டையின் பாரம் நடு அச்சிலிருந்து வெறும் 5 மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்று வையுங்கள். 300 சுற்றில் அது ஸ்பிண்டிலை (கட்டையைச் சுற்றும் தண்டை) இழுக்கும் இழுப்பு சுமார் 5 கிலோ. அதே கட்டை 750 சுற்றில் 31 கிலோ. வேகம் இரண்டரை மடங்குதான் ஏறியது, இழுப்பு ஆறு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது, ஏனென்றால் இந்த விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. அதுவும் ஒரே பக்கம் இழுத்துக்கொண்டு நிற்காது, நொடிக்குப் பன்னிரண்டு தடவை சுற்றிச் சுற்றி இழுக்கும். உங்கள் லேத் மொத்தமே நாற்பது கிலோ இருக்குமா? மேசையோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்துவிடும்.

நடந்திருக்கிறது. கோத்தகிரியில் நான் மரம் கடைய ஆரம்பித்தபோது என்னிடம் இருந்ததும் உங்களுடையது மாதிரியேதான். ஒரு சீகைக் கட்டை (வாட்டில் மரம்), ஒன்பதே முக்கால் அங்குலம், பெட்டுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி. ஃபேஸ்பிளேட்டில் (ஸ்பிண்டிலில் மாட்டும் இரும்புத் தட்டு) நான்கு ஸ்க்ரூ போட்டு, டெயில்ஸ்டாக்கை (மறுமுனைத் தாங்கியை) முட்டுக் கொடுக்காமல், 750இல் ஸ்விட்சைத் தட்டினேன். மூன்று நொடி இருக்கும். மேசை ஒரு குலுக்கு, பட்டென்று ஒரு சத்தம், கட்டை மேலே போய்க் கூரைத் தகரத்தை அடித்துவிட்டுக் கீழே வந்து விறகுக் குவியலில் உருண்டது. தகரத்தில் அந்தக் குழி இன்னும் இருக்கிறது, மழை பெய்தால் அந்த இடத்தில் மட்டும் சத்தம் வேறு மாதிரி கேட்கும். லேத்தின் மேல் ஒரு தப்பும் இல்லை. பேனா கடைகிற எந்திரத்தில் உரல் கடையப் போனவன் நான். ஸ்விட்ச் போடும்போது கட்டைக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நின்றதால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வேகத்துக்குக் கடைசல்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: கட்டையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, சுற்றால் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் நடுவில் வர வேண்டும். பதினான்கு அங்குலத்துக்கு 430 முதல் 640. அது கட்டை வட்டமாகி ஆட்டம் அடங்கிய பிறகு. முதல் உளி வைக்கும்போது 250, 300 போதும். பன்னிரண்டு அங்குலக் கிண்ணம் 1000 சுற்றில் ஓடினால் விளிம்பின் வேகம் மணிக்கு 57 கிலோமீட்டர், மலையடிவாரத்துக் கல்லாறு தாண்டியதும் நேர் ரோட்டில் வண்டி போகிற வேகம் அது. அந்த விளிம்பில் ஒரு விரிசல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். முகக் கவசம் முழு முகத்துக்கும் போடுங்கள், வெறும் கண்ணாடி போதாது.

குறைந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் அடுத்த விஷயம், பணம் வீணாவதும் பெரும்பாலும் இங்கேதான். கடையில் "ஒரு குமிழைத் திருப்பினால் 0 முதல் 3500 வரை" என்பார்கள். திருப்பினால் குறையும், வாஸ்தவம். கூடவே வலுவும் குறையும். ஒன்றரை ஹெச்.பி. மூன்று ஃபேஸ் மோட்டாரை வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்பெட்டி) வைத்து 50 ஹெர்ட்ஸிலிருந்து 15க்கு இறக்கினால் முறுக்கு (திருப்பும் விசை) ஏறக்குறைய அப்படியே நிற்கும், ஆனால் சக்தி 30 சதவீதத்துக்கு விழுந்துவிடும், அரை ஹெச்.பி.கூட மிஞ்சாது. பெரிய கட்டையில் உளியை அழுத்தினால் லேத் நின்றுபோகும். மோட்டாரின் சொந்த விசிறியும் அதே வேகத்துக்கு இறங்கிவிடுவதால் சூடும் ஏறும். ஆகவே குமிழ் மட்டும் இருக்கிற லேத் வேண்டாம். குமிழும் வேண்டும், இரண்டு மூன்று படி புல்லியும் வேண்டும். பெல்ட்டை மோட்டார்ப் பக்கத்துச் சின்னப் படியில் போட்டால் மோட்டார் அதன் வேகத்திலேயே ஓடும், ஸ்பிண்டிலுக்கு முறுக்கு பெருகிக் கிடைக்கும், அதற்குள் நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கக் குமிழ். கிண்ணம் கடைகிறவருக்கு இதற்கு மிஞ்சிய ஏற்பாடு கிடையாது.

வி.எஃப்.டி. என்றதும் வீட்டு இன்வெர்ட்டர் என்று நினைத்துவிடாதீர்கள், அது வேறு. இது சிங்கிள் ஃபேஸை உள்ளே வாங்கி மூன்று ஃபேஸாக வெளியே கொடுக்கிற பெட்டி. உங்களைப் போல மூன்று ஃபேஸ் இணைப்பு இல்லாதவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் அது வெளியே கொடுப்பது 230 வோல்ட், நம் ஊர் மோட்டார் 415க்குச் செய்தது. சின்ன மோட்டார்களின் சுருள்களை ஸ்டார் என்ற முறையில் இணைத்திருப்பார்கள், அதை டெல்டா முறைக்கு மாற்றிவிட்டால் 240 வோல்ட்டில் முழு வலுவோடு ஓடும். பழைய லேத்தைப் பார்க்கப் போகும்போது மோட்டாரின் டெர்மினல் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். ஆறு வயர் வெளியே வந்திருந்தால் மாற்றுவது பத்து நிமிட வேலை. மூன்றே வந்திருந்தால் ஸ்டார் முடிச்சு காயிலுக்குள் இருக்கிறது, ரீவைண்டிங் கடைக்காரர் பிரித்து எடுத்துத்தர வேண்டும், அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

மலையில் இருப்பதால் இன்னொன்று. மோட்டாரும் வி.எஃப்.டி.யும் கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டர் உயரம் வரைக்கும் என்று கணக்கிட்டுத்தான் தகட்டில் எண் அடிக்கிறார்கள். அதற்கு மேலே காற்று மெலிகிறது, சூட்டை எடுத்துப்போக ஆள் குறைவு. வி.எஃப்.டி. கையேடுகளில் பெரும்பாலும் 1000க்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஒரு சதவீதம் கழிக்கச் சொல்லியிருக்கும். குன்னூர் சுமார் 1850 மீட்டர், எட்டு ஒன்பது சதவீதம் போச்சு. நம் குளிர் அதைக் கொஞ்சம் ஈடுகட்டும், மே மாத மதியத்தில்கூட இங்கே 40 டிகிரி கிடையாது. இருந்தாலும் ஒன்றரை ஹெச்.பி. மோட்டாருக்கு இரண்டு ஹெச்.பி. பெட்டியாக வாங்குங்கள், விலை வித்தியாசம் பெரிதில்லை. வடகிழக்குப் பருவமழையில் சாயங்காலம் எல்லோரும் வெந்நீருக்குப் போடும்போது எங்கள் தெருவில் 190 வோல்ட்டுக்கு வந்துவிடும், வி.எஃப்.டி. கோபித்துக்கொண்டு கிண்ணத்தின் நடுவில் நின்றுவிடும். நான் சாயங்காலம் மணல்தாள்தான் போடுவேன், கனமான வேலை எல்லாம் காலையில்.

கரண்ட் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், இது புதிய லேத்துக்கும் பழைய லேத்துக்கும் பொது. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் தானாக ஓடாத ஸ்விட்ச், நோ வோல்ட் ரிலீஸ் என்று கேட்டால் எலக்ட்ரிகல் கடையில் தருவார்கள், அது இல்லாமல் லேத்தை ஓட்டாதீர்கள். ஒரு நவம்பரில் கிண்ணம் கடைந்துகொண்டிருந்தபோது கரண்ட் போனது. சரி, இந்த நேரத்தில் சக்கின் (கட்டையைக் கவ்வும் பிடியின்) தாடையை இறுக்கிவிடலாம் என்று அதன் சாவியைச் செருகினேன், செருகிய கையோடு வீட்டில் டீ என்று கூப்பிட்டார்கள், போனேன். ஸ்விட்ச் ஆனிலேயே இருந்தது. டீயைக் கையில் வாங்கும்போது கரண்ட் வந்தது, பட்டறையில் கண்ணாடி உடைகிற சத்தம். சாவி ஜன்னலைத் தாண்டிப் பக்கத்து பாத்தி கேரட்டில் குத்திக்கொண்டு நின்றது. வி.எஃப்.டி. வைத்தால் அதன் அமைப்பில் கரண்ட் வந்ததும் தானாக ஓடுகிற வசதியை அணைத்து வைக்க இடம் இருக்கும், முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

இனி எடை. வார்ப்பிரும்பை மதிப்பது பழமை மேல் இருக்கிற பாசத்தால் இல்லை, அதற்குள் கிராஃபைட் சிதறல் சிதறலாக இருக்கிறது, அதிர்வை அது தின்றுவிடும். இரும்புக் குழாய் பெட்டைச் சுத்தியலால் தட்டினால் கோயில் மணி மாதிரி இழுக்கும், வார்ப்பைத் தட்டினால் டொக் என்று நிற்கும். கடையில் கூச்சப்படாமல் தட்டிப் பாருங்கள். எடை போதாவிட்டால் கால்களுக்கு நடுவில் பலகை போட்டு மணல் மூட்டை அடுக்கலாம், நான்கு மூட்டை போட்டால் நூறு கிலோ ஏறிவிடும், மணல் காய்ந்ததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூட்டை கசிந்து காலடியைத் துருப்பிடிக்க வைக்கும்.

ஆனால் லேத் எவ்வளவு கனமாக இருந்தாலும் அது நிற்கிற தரை ஆடினால் எல்லாம் வீண், நம் ஊர்ப் பட்டறைகளில் பாதிப் பிரச்சினை இதுதான். சரிவில் மண்ணை வெட்டி, வெட்டிய மண்ணை முன்பக்கம் கொட்டி, அதன் மேல் சமதளம் எடுத்துத்தான் எல்லோரும் ஷெட் போட்டிருப்போம். பின்சுவர் பக்கம் இருப்பது பூர்வீகத் தரை, முன்பக்கம் இருப்பது கொட்டிய மண். வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டு லேத்தை முன்பக்க ஜன்னல் ஓரம் வைப்போம், அது மழைக்கு மழை இறங்கும். பின்சுவர் ஓரம் வையுங்கள், விளக்கு போட்டுக்கொள்ளலாம். மரத் தரையாக இருந்தால் அந்த இடத்தில் மட்டும் பலகையை எடுத்துவிட்டு மண்ணிலிருந்து கான்கிரீட் மேடை எழுப்புங்கள். போல்ட் போட்டு இறுக்கும்போது ஒரு கால் தரையைத் தொடாமல் இருந்தால் அதை வலுக்கட்டாயமாக இழுத்து இறுக்காதீர்கள், பெட் முறுக்கிக்கொள்ளும். தகடு செருகிவிட்டு அப்புறம் இறுக்குங்கள். உயரம், ஸ்பிண்டிலின் நடு உங்கள் முழங்கை மட்டத்துக்கு.

கோயம்புத்தூர் லேத்துக்கு வருவோம். எந்த மரக்கடைசல் பட்டறையிலிருந்து வந்தது என்று கேளுங்கள். கட்டில் கால், ஊஞ்சல் கம்பம், படிக்கட்டுக் கைப்பிடித் தூண் என்று கடைந்த லேத் என்றால் நீளமாக இருக்கும், எடை இருக்கும், ஆனால் கட்டிலின் காலுக்கு வேகம்தான் வேண்டும், குறைந்த வேகம் அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்காது, பெட்டுக்கு மேலே உயரமும் குறைவாக இருக்கும். எனவே கையோடு டேப் கொண்டுபோய் பெட்டிலிருந்து ஸ்பிண்டில் நடுவரை அளந்து இரண்டால் பெருக்குங்கள், அதுதான் உண்மையான அங்குலம். டூல் ரெஸ்டை (உளியை வைத்துப் பிடிக்கும் கம்பியை) தாங்கும் பாஞ்சோவுக்கு மேலே கட்டை போக வேண்டும் என்றால் அதிலும் இரண்டு மூன்று அங்குலம் போய்விடும்.

அப்புறம் இரண்டு பக்கமும் கூர்முனை சென்டரைப் போட்டு, டெயில்ஸ்டாக்கை நகர்த்தி முனையோடு முனை சேருங்கள். மேலிருந்து ஒரு தடவை, பக்கத்திலிருந்து ஒரு தடவை பாருங்கள். அரை மில்லிமீட்டர் விலகல் இருந்தால் தரை சரியில்லாமல் இருக்கலாம், சரிசெய்யலாம். இரண்டு மூன்று மில்லிமீட்டர் என்றால் பெட் முறுக்கிக் கிடக்கிறது அல்லது ஹெட்ஸ்டாக் (ஸ்பிண்டிலைத் தாங்கும் தலைப்பகுதி) ஒரு தடவை கீழே விழுந்திருக்கிறது, வந்துவிடுங்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்பிண்டிலைக் கையால் சுற்றுங்கள், விரல் நுனியில் மணல் நறநறவென்று தெரிந்தால் பேரிங் போயிருக்கிறது. அதற்காகப் பயப்பட வேண்டாம், 6205 மாதிரி பொது அளவு பேரிங் என்றால் எந்த ஊரிலும் கிடைக்கும், சில நூறு ரூபாய்தான், விலை பேச நல்ல பிடி. ஒரு ரீப்பர் கட்டையை ஸ்பிண்டிலுக்கு அடியில் கொடுத்து நெம்பும்போது டக் டக்கென்று விளையாடினால் அது வேறு, பேரிங் உட்காரும் வீடே தேய்ந்திருக்கலாம், வார்ப்பில் தேய்மானம் என்றால் வேண்டாம். கடைசியாக டெயில்ஸ்டாக்கின் குவில்லை (முன்னும் பின்னும் நகரும் குழலை) முழுக்க வெளியே விட்டு ஆட்டிப் பாருங்கள்.

ஸ்பிண்டில் மரையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பழைய சக்கைப் புதிய லேத்துக்குக் கொண்டுபோகலாம் என்று நினைத்திருப்பீர்கள். சின்ன லேத்களில் முக்கால் அங்குலம் 16 மரையோ எம்.18ஓ இருக்கும், நடுத்தரத்தில் ஓர் அங்குலம் 8 மரை, பெரியதில் எம்.33. உங்கள் சக் இன்சர்ட் (உள்ளே போடும் மரை வளையம்) மாற்றக்கூடியதா என்று பின்பக்கம் பாருங்கள், மாற்றக்கூடியது என்றால் இன்சர்ட் மட்டும் வாங்கினால் போதும். நேரடியாக மரை போட்டதென்றால் அடாப்டர் வாங்க வேண்டியிருக்கும், அடாப்டர் வைத்தால் சக் அரை அங்குலம் வெளியே தள்ளி நிற்கும், அந்த அரை அங்குலம் பெரிய கிண்ணத்தில் ஆட்டமாகத் தெரியும். பட்டறையில் யாரோ கையால் மரை வெட்டிய பழைய லேத் என்றால் எந்தச் சக்கும் சேராது, அதற்கென்று ஒரு ஃபேஸ்பிளேட் டர்னரிடம் கடைந்து வாங்க வேண்டும். ஸ்பிண்டிலின் கூம்புத் துளை எம்.டி.2 (மோர்ஸ் டேப்பர்) அளவாக இருக்கட்டும், எம்.டி.1 பெரிய வேலைக்கு மெலிசு.

சிலர் இரும்பு கடைகிற பழைய லேத்தை வாங்கி மரத்துக்குப் பயன்படுத்தலாமே என்பார்கள். எடை உண்டு, வேகம் குறைவு, விலையும் வரும். ஆனால் எண்ணெய் தடவிய தண்டவாளத்தில் மரத்தூள் போய் ஒட்டி ஒரு களிம்பாகிவிடும், தினமும் சுரண்டலாம். எனக்குப் பொறுமை இல்லை.

மேலே கொண்டுவருவது தனிக் கதை. என்னுடையது 180 கிலோ, ரோட்டிலிருந்து பட்டறைக்கு 62 படி இறங்க வேண்டும். கீழே மேட்டுப்பாளையத்திலேயே பிரித்துவிட்டோம், மோட்டார், ஹெட்ஸ்டாக், டெயில்ஸ்டாக், கால்கள் எல்லாம் தனித்தனியாகச் சாக்கில் சுற்றி பிக்கப்பில் ஏற்றினோம், கொண்டை ஊசியில் உருளாமல் இருக்க பெட்டைத் தரையோடு கட்டினோம். பெட் மட்டும் எழுபது கிலோ, மூங்கில் கழியில் கயிறு போட்டு முன்னால் இருவர் பின்னால் இருவர், பல்லக்கு மாதிரி இறங்கினார்கள். இறங்கும்போது எடை முன்னால் இருப்பவர் மேல் சாயும், உயரமானவரை முன்னால் விடுங்கள். பிரிக்கும் முன்னால் ஹெட்ஸ்டாக் பெட்டில் உட்காரும் இடத்தில் ஆணியால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், அடியில் தகடு வைத்திருந்தால் எந்தத் தகடு எந்தப் பக்கம் என்று எழுதிவையுங்கள். நான் எழுதவில்லை, சென்டரைச் சேர்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

உங்கள் கேள்வியில் உளி தீட்டும் கிரைண்டரைப் பற்றி ஒரு சொல் இல்லை, அதுதான் எனக்குக் கவலை. ஒன்றேகால் லட்சத்தையும் லேத்துக்கே போடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள்: எட்டு அங்குல மெதுவேக கிரைண்டர், உளியைப் பிடித்துத் திருப்பும் ஜிக், ஒரு நல்ல சக், அரை அங்குல ஹெச்.எஸ்.எஸ். (ஹைஸ்பீடு ஸ்டீல்) பௌல் கௌஜ், அதாவது கிண்ணம் குடையும் குழி உளி, ஒன்று. மழுங்கிய உளி பெரிய லேத்தில் சின்ன லேத்தைவிட மோசம், ஏனென்றால் சின்ன லேத் நின்றுபோய் உங்களைக் காப்பாற்றும், பெரிய லேத் நிற்காது. ஒன்று மறக்காதீர்கள், உருளைக் கட்டையை வட்டமாக்குகிற ரஃபிங் கௌஜைக் கிண்ணத்தில் வைக்கவே கூடாது. அதன் வாய் அகலம், ஆனால் கைப்பிடிக்குள் போகும் வால் மெலிசு, குறுக்கு நாரில் கடித்துக்கொண்டால் அந்த வால் ஒடியும்.

சில்வர் ஓக்கைப் பற்றிக் கேட்காமலே சொல்கிறேன். துண்டாகக் கிடக்கிறது என்றீர்கள், இன்றைக்கே இரண்டு முனையிலும் மெழுகோ மிச்சமிருக்கும் பெயின்டோ பூசுங்கள், நடுக்குருத்து வழியாக இரண்டாகப் பிளந்து வையுங்கள், லேத் வரும்வரை அது காத்திருக்காது. பிளந்த முகத்தில் அந்த வலை மாதிரி பூ வரும் பாருங்கள், அதற்காகத்தான் இந்தப் பாடெல்லாம். பச்சையில் முரட்டுக் கிண்ணமாகக் கடைந்து, விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு சுவர்க் கனம் விட்டு, பதினான்குக்கு ஒன்றரை அங்குலம் என்று வையுங்கள், அடியில் தேதியும் எடையும் எழுதிக் காற்றோட்டமான நிழலில் அடுக்குங்கள். சமையல் தராசில் வாரம் ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள், எடை இறங்குவது நின்றதும் மறுபடி லேத்தில் ஏற்றலாம். மழை மாதங்களில் நம் காற்றில் ஈரம் 80 சதவீதம் என்றால் மரம் 16 சதவீதத்துக்குக் கீழே காயவே காயாது. அதை அப்படியே முடித்து கோயம்புத்தூர் சொந்தக்காரருக்குப் பரிசு கொடுத்தால் அங்கே ஏப்ரலில் வெடிக்கும். நான் கடைசி மாதம் கிண்ணங்களைச் சமையலறை அலமாரி உச்சியில் ஏற்றிவிடுவேன், வீட்டில் திட்டு உண்டு. சில்வர் ஓக் தூள் சிலருக்குக் கையில் அரிப்பும் தடிப்பும் கொடுக்கும், முழுக்கைச் சட்டையும் நல்ல மாஸ்க்கும் போடுங்கள், குளிருக்காக ஜன்னலைச் சாத்திக்கொண்டு மணல்தாள் போடாதீர்கள். இந்த மரம் தானாகச் சாய்ந்தது, சரி. நம் மலையில் சொந்த நிலத்து மரத்தை வெட்டுவதற்கும் 1955இல் வந்த மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, ஆகவே ஆசை வந்து அடுத்த மரத்தின் மேல் ரம்பம் வைக்கும் முன் வனத்துறையில் கேட்டுவிடுங்கள். ஈட்டி கிடைக்கிறது என்று யாராவது ரகசியமாக வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

சீகை கடைந்தீர்கள் என்றால் அன்றைக்கே பெட்டைத் துடையுங்கள். அதன் பட்டையைத் தோல் பதனிடுவதற்குத்தான் ஒரு காலத்தில் இங்கே நட்டு வளர்த்தார்கள், அவ்வளவு டானின். ஒரு நாள் ராத்திரி ஈரச் சுருளை வார்ப்பிரும்பின் மேல் அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் படுத்தேன், காலையில் சுருள் கிடந்த ஒவ்வொரு இடத்திலும் எழுத்தாணியால் எழுதின மாதிரி நீலக் கறுப்பு வளையம் வளையமாக இருந்தது. எண்ணெய் போட்டு இரும்பு நாரால் தேய்த்தும் பாதிதான் போனது. இப்போது மாதம் ஒரு தடவை பெட்டுக்கு மெழுகு தேய்த்துவிடுகிறேன், எண்ணெயைவிட மேல், தூள் ஒட்டாது, டெயில்ஸ்டாக்கும் வழுக்கிக்கொண்டு போகும்.

பதினான்கு அங்குலம் உண்மையிலேயே வேண்டுமா என்றும் ஒரு தடவை யோசியுங்கள். ஹெட்ஸ்டாக் திரும்புகிற மாதிரியோ பெட்டின் கடைசிக்கு நகர்கிற மாதிரியோ இருக்கிற பன்னிரண்டு அங்குல லேத்தில், வருடத்துக்கு இரண்டு மூன்று பெரிய கிண்ணத்தைப் பெட்டுக்கு வெளியே வைத்துக் கடைந்துகொள்ளலாம், டூல் ரெஸ்டுக்குத் தனிக் கால் மட்டும் வேண்டும். என் வீட்டில் பதினான்கு அங்குலத்தில் நான்கு கிண்ணம் இருக்கிறது. ஒன்றில் எலுமிச்சை, ஒன்றில் கரண்ட் பில், மற்ற இரண்டுக்கு மேசையில் இடமில்லை. எட்டு பத்து அங்குலம்தான் கேட்டு வாங்கிப் போகிறார்கள்.

பழைய சின்ன லேத்தை விற்காதீர்கள். கொடுத்தால் வாங்கிய விலையில் பாதிகூட வராது, வைத்திருந்தால் தினம் வேலை செய்யும். பெரியதில் கிண்ணம் ஏறியிருக்கும்போது ஒரு உளிக்குக் கைப்பிடியோ பம்பரமோ கடைய வேண்டும் என்றால் அதை இறக்காமல் இதில் செய்துகொள்ளலாம். டெயில்ஸ்டாக்கை எடுத்துவிட்டு ஒரு துணிச் சக்கரத்தை மாட்டினால் பாலிஷும் போட்டுக்கொள்ளலாம். அந்த மேசையை மட்டும் சுவரோடு சேர்த்து ஆங்கிள் போட்டு இறுக்கிவிடுங்கள்.